விரதம் என்று சொன்னார்கள்

என் மாமியாரின் குரலை நான் முதன்முதலாகக் கேட்டது திருப்பதியில், ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில், பச்சைத் திரைச்சீலைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தபோது. எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம் ஆகியிருந்தது. அதற்கு முன் நிச்சயதார்த்தம், புடவை எடுத்தது, முகூர்த்தம், மறுவீடு என்று எத்தனையோ முறை அவருக்கு எதிரில் உட்கார்ந்திருக்கிறேன், அவர் கையால் பரிமாறிச் சாப்பிட்டிருக்கிறேன். ஒரு சொல் அவர் வாயிலிருந்து கேட்டதில்லை. திரைக்கு அப்பாலிருந்து வந்த அந்த முதல் சொற்களும் டாக்டரிடம் சொன்னவை அல்ல, தன் நோவைப் பற்றியவையும் அல்ல. மகளிடம் கேட்டார்: “மாப்ள போய்ட்டாரா?”

நான் போயிருக்கவில்லை. போகச் சொன்னார்கள், திரையைத் தாண்டி வந்தேன், அதற்குமேல் கால் நகரவில்லை. பாதி காற்றும் பாதி ஒலியுமாக இருந்தது அந்தக் குரல். சொல் முடிவதற்குள் ஒலி தீர்ந்து, மிச்சம் வெறும் மூச்சாக வந்தது. என் மனைவி, “போய்ட்டாரும்மா, சொல்லு” என்று பொய் சொன்னாள். மூச்சு விட முடியாமல் படுத்திருக்கும் ஒருவர், வாயைத் திறப்பதற்கு முன்பு நான் பக்கத்தில் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. ஏன் என்று அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. தெரிவதற்கு முன்பே முகம் சுட்டது.

அத்தைக்கு ஊர் ஆந்திர எல்லையில் இருக்கிற நகரி. மாமா இறந்தபோது என் மனைவி பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். வெகுகாலம் பிள்ளையில்லாமல் இருந்து பிறந்த ஒரே மகள். வீட்டின் முன்பகுதியில் விசைத்தறிகள், பின்பகுதியில் குடித்தனம். காலையில் கரண்ட் வந்ததும் தறிகள் ஓட ஆரம்பித்தால், அந்த வீட்டில் எல்லோரும் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்லவேண்டும். உப்பு வேண்டும் என்றாலும் கத்தல், பாவு நூல் அறுந்துவிட்டது என்றாலும் கத்தல். அப்படிப்பட்ட வீட்டிலும் அத்தையின் குரலுக்குத் தனிப்பேர் இருந்ததாம். “எங்கம்மா உள்ள நின்னுக்கினு ஒரு சத்தம் குடுத்தா ஏகாம்பரகுப்பம் வரைக்கும் கேக்கும்” என்று என் மனைவி சொல்வாள். கல்யாண வீடுகளில் நலங்குப் பாட்டுக்கு அவரைத்தான் கூப்பிடுவார்கள். மைக் வேண்டாம் என்று தள்ளிவிட்டுப் பாடுவாராம். இதெல்லாம் எனக்குக் கேள்விதான். அந்தக் குரலை நான் கேட்டதில்லை, இனி கேட்கப்போவதும் இல்லை.

அந்தக் குரல் ஒரே நாளில் போய்விடவில்லை. ஒரு மழைக்காலத்தில் சளி பிடித்துத் தொண்டை கம்மியது. சளி போயிற்று, கம்மல் மட்டும் தங்கிவிட்டது. தறிச் சத்தத்தில் கத்திக் கத்தி இப்படி ஆகிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள், அவரும் அப்படியே நம்பினார். உப்புத் தண்ணீரில் கொப்பளித்தார், அதிமதுரத்தை வாயில் அடக்கிக்கொண்டார், கற்பூரவல்லி இலையை மென்றார். தெருமுனை மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரைகளை விழுங்கினார். தண்ணீர் குடித்தால் புரை ஏற ஆரம்பித்தது. மாடிக்குத் துணி உலர்த்தப் போனால் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே போனார். படுக்கும்போது தலைக்கு இரண்டு தலையணை, பிறகு மூன்று. அறுபதைத் தாண்டிய உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் விட்டுவிட்டார்கள். தொண்டை ஒரு கணக்கு, மூச்சு ஒரு கணக்கு. இரண்டையும் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

உடம்புக்குப் பயப்படுவதற்கு முன்பே அவர் வெட்கப்பட ஆரம்பித்துவிட்டார். கேஸ் சிலிண்டர் போடுகிற பையன் போனில் இவர் குரலை ஆண்குரல் என்று எண்ணி, “சார், மேடம் உன்னாரா?”, மேடம் இருக்கிறாரா என்று தெலுங்கில் கேட்டானாம். அன்றைக்குச் சிரித்தார். பேங்கிலிருந்தும், நூல் கடையிலிருந்தும் அதே “சார்” வந்தபோது போனை எடுப்பதையே நிறுத்தினார். புத்தூரில் ஒரு சொந்தக்காரக் கல்யாணத்தில், வழக்கம்போல நலங்குக்குப் பாடச் சொல்லி வற்புறுத்தினார்கள். முடியாது என்று கையாட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் ஆரம்பித்தார். இரண்டாவது அடியில் குரல் பிளந்து, கோணலாக ஒரு ஓசை வந்தது. யாரோ ஒரு சின்னப்பெண் அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள். சிரிப்பைக்கூட அத்தை தாங்கியிருப்பார். பக்கத்தில் இருந்த பெரியம்மா ஒருத்தி, “இது வெறும் கம்மல் மாதிரி தெரியலடி, கெட்ட நோவு போல இருக்குது” என்று, புற்றுநோயைப் பெயர் சொல்லாமல், இன்னொருத்தியின் காதில் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. இன்னொருத்தி, “பொகயில போடுவாளோ இன்னாவோ” என்றாளாம். வாழ்க்கையில் வெற்றிலைகூடப் போடாதவர் அத்தை. அதன் பிறகு அவர் எந்த விசேஷத்துக்கும் போகவில்லை. தறிக்காரர்களைக் கூப்பிட வேண்டுமானால் கை தட்டுவார். பெரிய டாக்டரிடம் காட்டலாம் என்று மகள் சொன்னபோதெல்லாம், காட்டினால் அந்த நோவின் பெயரை டாக்டர் உறுதி செய்துவிடுவார் என்று பயந்து, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று தள்ளினார். மகளுக்குக் கல்யாணம் ஆகவேண்டும். அதற்கு முன் அந்தப் பெயர் வீட்டுக்குள் வந்துவிடக் கூடாது.

அந்த நேரத்தில்தான் என் ஜாதகம் அங்கே போய்ச் சேர்ந்தது. எனக்கு ஊர் சித்தூருக்குப் பக்கத்தில் குடிபாலா. ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிற வேலை. திருப்பதியில் வாடகைக்கு அறை எடுத்து, கம்பெனி பஸ்ஸில் போய் வந்துகொண்டிருந்தேன். பெண்ணின் போட்டோ எங்கள் எல்லோருக்கும் பிடித்திருந்தது. நான் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளில் தரகர் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார். பேச்சுவாக்கில், பெண்ணின் தாயாருக்குக் கொஞ்சம் தொண்டை சரியில்லை என்று ஏதோ சொல்லியிருக்கிறார். என் அம்மா பிடித்துக்கொண்டாள். “தொண்டன்னா இன்னா? புத்து கித்து இருக்கப் போவுது. தாய்க்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு சொல்றாங்களே. நல்லா விசாரிச்சிக்கினு வந்து சொல்லுங்க” என்று கேட்டிருக்கிறாள். கேட்டது தப்பென்று நான் சொல்லவில்லை. பிள்ளையைப் பெற்ற யாரும் கேட்பதுதான். அந்தக் கேள்வி வார்த்தை மாறாமல் நகரிக்குப் போனது.

தரகர் அதைச் சொன்னபோது அத்தை வீட்டில் தறிகள் ஓடிக்கொண்டிருந்தனவாம். அவர் போன சற்று நேரத்தில் கரண்ட் போய்விட்டது. எல்லாத் தறியும் ஒன்றாக நின்றால் அந்த வீட்டில் ஒரு மௌனம் வரும், காது அடைத்துக்கொண்டது போல. அந்த மௌனத்தில் அத்தை மகளிடம் ஏதோ சொல்ல வாயெடுத்து, தன் குரலைத் தானே முழுசாகக் கேட்டிருக்கிறார். சொல்ல வந்ததை விட்டுவிட்டு, “நான் மௌன விரதம்னு சொல்லிடலாம். ஏழுமலையானுக்கு வேண்டிக்கினேன், உன் கல்யாணம் முடியற வரைக்கும் பேசமாட்டேன்னு. சாமி விஷயத்துல யாரும் நோண்டிக் கேக்கமாட்டாங்க” என்றாராம். மகள் அழுதிருக்கிறாள், இந்தக் கல்யாணமே வேண்டாம் என்றிருக்கிறாள். அத்தை கேட்கவில்லை. இதையெல்லாம் என் மனைவி பின்னால் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னவை. எனக்கும் அவளுக்கும் நடுவில் வெகுநாள் சொல்லப்படாமல் கிடந்தவை.

நிச்சயதார்த்தத்தன்று அத்தை நல்ல பட்டு கட்டி, நெற்றி நிறையத் திருநீறு வைத்து, கூப்பிய கையோடு எங்களை வரவேற்றார். அவருடைய தம்பி முறைக்காரர் ஒருவர் முன்னால் வந்து, “அக்கா விரதத்துல இருக்காங்க, தப்பா எடுத்துக்காதீங்க” என்றார். என் அம்மாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தொண்டை சரியில்லை என்று தரகர் சொன்னது அவருடைய உளறல் என்று அந்தக் கணமே முடிவு செய்துவிட்டாள். மகளின் நல்வாழ்வுக்காக வாயைக் கட்டிக்கொண்ட தாய்! வலிய போய் அத்தையின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். காபி கொடுத்தபோது அத்தை குடிக்காமல் கீழே வைத்தார். புரை ஏறினால் இருமல் வரும், இருமினால் குரல் தெரிந்துவிடும் என்பதற்காக வைத்தது. அதுவும் விரதத்தில் சேர்த்தி என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஊருக்குத் திரும்பியதும் அம்மா குடிபாலாவில் ஒரு வீடு விடாமல் சொன்னாள். கல்யாணத்துக்கு வந்த எங்கள் தெருப் பெண்கள் வரிசையில் நின்று அத்தையிடம் திருநீறு வாங்கிக்கொண்டார்கள். ஒவ்வொருத்தர் நெற்றியிலும் வைத்துவிட்டு அத்தை கண்ணை மூடி மூச்சு வாங்கினார். பக்தி என்று நினைத்தோம்.

கல்யாணத்தோடு விரதம் முடிந்திருக்க வேண்டும். திருமலைக்குப் போய் சாமி சந்நிதியில்தான் முடிப்பார் என்று நாளைத் தள்ளினார்கள். தள்ள முடிந்த கடைசி நாளும் வந்தது. நாங்கள் இருவர், என் அம்மா, அத்தை, நான்கு பேரும் மலைக்குப் போனோம். காத்திருப்புக் கூடத்தில் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க அம்மாவுக்கு ஒரே பேச்சு. “இன்னைக்கு சம்பந்தியம்மா வாயால கோவிந்தா கேக்கணும். அதக் கேட்டாவே எனக்குப் புண்ணியம்.” அத்தை கம்பியைப் பிடித்துக்கொண்டு, வரிசை நகரும்போதெல்லாம் கொஞ்சம் பின்தங்கி வந்தார். அவர் உதடு கறுத்திருந்தது இப்போது நினைத்தால் தெரிகிறது. அன்றைக்கு என் கண் புது மனைவியின் மேல் இருந்தது. சந்நிதியை நெருங்கியபோது கூட்டம் முழுவதும் “கோவிந்தா” என்று முழங்கியது. அந்த முழக்கத்தில் அத்தையின் வாயும் திறந்தது, உதடு அசைந்தது. அதிலிருந்து சத்தம் வந்ததா இல்லையா என்று அந்த இரைச்சலில் யாருக்கும் தெரிய வழியில்லை. அம்மா கண்ணீரோடு என் தோளைத் தட்டி, “கேட்டியாடா? மணி மாதிரி சொன்னாங்க” என்றாள்.

வெளியே வந்து ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். அம்மா ஒரு லட்டைப் பிட்டு அத்தையின் கையில் வைத்து, “விரதம் முடிஞ்சிதே, இப்ப நாலு வார்த்த பேசுங்க சம்பந்தியம்மா, உங்க குரலக் கேப்போம்” என்றாள். நானும் சிரித்துக்கொண்டே அவர் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தேன். அத்தை மகளைப் பார்த்தார். பிறகு சட்டென்று எழுந்து, கழிப்பறைக்குப் போவது போலச் சைகை காட்டிவிட்டு, அந்தப் பக்கம் இருந்த படிகளில் வேகமாக ஏறினார். நடக்கவில்லை, ஓடினார் என்றுதான் சொல்லவேண்டும். தட்டையான வழி ஒன்று பக்கத்திலேயே இருந்தது. எங்கள் பார்வையிலிருந்து சீக்கிரம் மறைவதற்குப் படிதான் தோதாக இருந்திருக்கும். மேல்படியில் அப்படியே மடங்கி உட்கார்ந்தார். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது, வாயைப் பொத்திய முந்தானையில் நுரையும் அதில் சிவப்பும் இருந்தன. மூச்சு இழுக்கும்போது உள்ளே தண்ணீர் கொப்பளிப்பது போல ஒரு சத்தம். மலையிலேயே ஆக்சிஜன் வைத்து, ஆம்புலன்ஸில் கீழே கொண்டுவந்தோம். அந்த வளைவுகள் முழுக்க அவர் கண்ணைத் திறக்கவில்லை. என் கை அவர் கைமேல் இருந்தது; தன் கையை மெல்ல இழுத்துக்கொண்டார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளம்பெண். எப்போதிலிருந்து மூச்சிரைப்பு, படுத்தால் அதிகமாகிறதா என்று அத்தையிடம் தெலுங்கில் கேட்டார், பிறகு தமிழில் கேட்டார். பதில் இல்லை. அத்தை தலையை ஆட்டினார், கண் மட்டும் என் மேல் இருந்தது. “ஏன் பேசமாட்டேங்கிறாங்க?” என்று டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் சொன்னேன், “மௌன விரதம் மேடம்.” அதில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. டாக்டர் ஊசியை எடுத்துக்கொண்டே, “விரதம் தர்வாத. முந்து ஊப்பிரி” என்றார். விரதமெல்லாம் பிறகு, முதலில் மூச்சு. அப்போதுதான் என் மனைவி என் பக்கம் திரும்பி, “நீங்க வெளிய போங்க” என்றாள். ஏன் என்றேன். “போங்கன்னா போங்களேன்” என்று கத்தினாள். கல்யாணமான பிறகு அவள் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. நான் திரையைத் தாண்டி வந்து நின்றேன். மற்றதை ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டேன்.

அந்தக் குரலைக் கேட்டதும் டாக்டர் மூச்சைப் பற்றிய கேள்விகளை விட்டுவிட்டு, “இந்தக் குரல் எவ்ளோ நாளா இப்பிடி?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. தறிச் சத்தம் என்று என் மனைவி ஆரம்பித்தாள். டாக்டர் அவளை நிறுத்தினார். மார்பில் குழாய் வைத்துக் கேட்டிருப்பார். பிறகு வரிசையாகச் சோதனைகள். தொண்டை டாக்டர் மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்து, தொண்டையில் கட்டியோ புண்ணோ எதுவும் இல்லை, குரல் நாண் இரண்டில் இடதுபக்கம் மட்டும் அசையாமல் நிற்கிறது என்றார். இதயத்தை ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரலில் தேங்கியிருந்த நீர் மருந்தில் வடிந்து, மூச்சு கொஞ்சம் சீரானதும் இதய டாக்டர் எங்களைக் கட்டிலுக்குப் பக்கத்தில் கூப்பிட்டார். சித்தூர்ப் பக்கத்துக்காரர், எங்கள் பேச்சே பேசினார்.

“ஏம்மா, சின்ன வயசுல முட்டி முட்டியா வீங்கிக்கினு ஜொரம் வந்துச்சா?”

அத்தை என்னைப் பார்த்தார். இந்த முறை நான் வெளியே போகிறேன் என்று எழுந்தேன். அவர் கையைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, அந்தக் காற்றுக் குரலில், “வந்துச்சு. பள்ளிக்கூடம் போவமுடியாம ரொம்ப நாள் படுத்துக்கினு இருந்தேன். எங்க நைனா தூக்கிக்கினு போவாரு” என்றார். என் முன்னால் அவர் தெரிந்தே பேசிய முதல் பேச்சு அது. நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அந்த ஜொரம் முட்டிய விட்டுப் போயிடும், இதயத்துல ஒரு கதவச் சுருக்கிட்டுப் போயிடும். ரொம்ப வருஷம் ஒண்ணும் தெரியாது” என்றார் டாக்டர். கதவு சுருங்கினால் ரத்தம் தேங்கும், தேங்கத் தேங்க இதயத்தின் இடதுபக்கத்து மேலறை ஊதிப் பெரிதாகும். குரலுக்குப் போகிற நரம்பு நேராகத் தொண்டைக்குப் போவதில்லை. நெஞ்சுக்குள் இறங்கி, அங்கே பெரிய ரத்தக்குழாயை ஒரு சுற்று சுற்றிக்கொண்டு மறுபடி மேலே ஏறுகிறது. ஊதிய இதயம் ரத்தக்குழாயை நெட்டி அந்த நரம்பை நசுக்கிவிட்டது. இதைத் தன் இரண்டு கைகளையும் மடக்கி, கழுத்தில் தொங்கிய குழாயை நரம்பாக வைத்துக் காட்டினார். “தொண்ட மேல ஒரு தப்பும் இல்லம்மா. உங்க இதயம்தான் குரலப் புடிச்சிக்கினு இருக்குது. அது உங்களுக்குச் சொல்லித்தான் பார்த்திருக்குது. கம்மினப்பவே வந்திருக்கலாம்.”

அத்தை வெகுநேரம் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆபரேஷன் உண்டா, பிழைப்பேனா என்று எதையும் கேட்கவில்லை. “அப்ப கெட்ட நோவு இல்லியா?” என்றார். இல்லை என்றார் டாக்டர். “அப்ப இத வெளிய சொல்லலாமா?”

டாக்டருக்கு அந்தக் கேள்வி புரியவில்லை. யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், ஆனால் அந்தக் கதவை, வால்வை, மாற்றியாக வேண்டும் என்றார். அத்தை தலையணையில் சாய்ந்து ஓசையில்லாமல் அழுதார், நிம்மதியில். திறந்த நெஞ்சில் செய்யவேண்டிய ஆபரேஷன், அந்த வயதில் அதில் இருக்கிற ஆபத்து எல்லாவற்றையும் டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். அதில் எதுவும் அவரை எட்டவில்லை. சொல்லிக்கொள்ளக்கூடிய நோய் கிடைத்துவிட்டது. சொல்ல முடியாத நோய் என்று அவர் பயந்து ஒளித்தது எங்களிடமிருந்து. எங்கள் எதிரில் பேசாமல் இருப்பதற்காக அந்தப் படியில் ஓடினார். நான் ஒன்றும் செய்யவில்லை என்று எனக்கு நானே பலமுறை சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மைதான். ஆனால் ஒருவர் தன் உயிரைவிட என் பார்வைக்கு அதிகம் பயந்திருக்கிறார் என்று தெரிந்த பிறகு, அந்த உண்மை எதற்கும் உதவவில்லை.

அம்மாவிடம் நான்தான் சொன்னேன். வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். “அப்ப விரதம்?” என்றாள். விரதம் இல்லை என்றேன். அவளுக்குக் கோபம் வந்தது. “சாமி பேரச் சொல்லிப் பொய்யா? ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே, கையப் புடிச்சிக் கண்ணுல ஒத்திக்கினேனே!” அந்தப் பக்கமாகப் பிளாஸ்க்கோடு வந்த என் மனைவி நின்றாள். “அத்தே, தொண்டையில புத்தான்னு தரகர்கிட்ட நீங்க கேட்டீங்க இல்ல. அது எங்கம்மாவுக்கு வந்து சேந்துச்சு” என்றாள். குரலில் கோபம் இல்லை. அம்மா பெஞ்சின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். சாயங்காலம் உள்ளே போய், அத்தைக்குக் கேழ்வரகுக் கஞ்சியைக் கெட்டியாகக் கரைத்து ஸ்பூன் ஸ்பூனாக ஊட்டினாள். தண்ணீராகக் கொடுத்தால் புரை ஏறும் என்று நர்ஸிடம் கேட்டு வைத்திருந்தாள். அத்தை ஒரு முறை புரை ஏறி இருமியபோது, அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டே முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. படியேற முடிந்தது, ஒரே தலையணையில் படுக்க முடிந்தது. குரல் மட்டும் அரைகுறையாகத்தான் திரும்பியது. நரம்பு ரொம்ப நாள் நசுங்கிக் கிடந்ததால் இவ்வளவுதான் வரும் என்றார்கள். இப்போது சத்தம் இருக்கிறது, ஆனால் கரகரப்பாக, ஆண்குரல் மாதிரி, நடுவில் உடைந்து எழும் குரல். எங்களோடு திருப்பதியில் சில மாதம் இருந்தார். வீட்டில் பேசினார், நான் உள்ளே வந்தால் பேச்சு ஒரு கணம் நிற்கும், பிறகு தொடரும். பிறகு நகரிக்குத் திரும்பிவிட்டார், குடிபாலாவுக்கு மட்டும் வரவில்லை. காரணம் அம்மா. ஊரில் பரப்பிய கதையைத் திருப்பி எடுக்க அவளுக்கு நாக்கு வரவில்லை. எங்கள் தெருவில் அத்தை இன்னும் விரதக்காரம்மாதான். நெஞ்சில் ஆபரேஷன் நடந்ததைப் பற்றி அம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. நானும் விடவில்லை. கேட்டவர்களிடம் சௌக்கியம் என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

போன மாதம் என் மனைவிக்கு வளைகாப்பு. குடிபாலாவில்தான் என்று முடிவானது. தாயில்லாமல் எப்படி என்று என் மனைவி பிடிவாதம் பிடித்தாள். புத்தூர் பஸ்ஸில் வருகிறேன் என்று அத்தை சொல்லிவிட்டார். சித்தூர் பஸ் ஸ்டாண்டில் கூட்டிப்போக நானும் அம்மாவும் போனோம். வளையல் வாங்க வேண்டும் என்று பக்கத்து வீட்டம்மாவும் கூடவே வந்தார். கல்யாணத்தில் அத்தையிடம் முதலில் திருநீறு வாங்கிக்கொண்டவர் அவர். பஸ் எந்த பிளாட்பாரத்துக்கு வரும் என்று தெரியாமல் கூட்டத்தில் நாங்கள் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டு நின்றோம்.

“மாப்ளே!”

பின்னாலிருந்து வந்தது. கரகரத்து, நடுவில் இரண்டாக உடைந்து, ஆனால் பலமாக. பூக்காரம்மா தலையைத் தூக்கினாள். பஸ்ஸுக்கு நின்றிருந்த கல்லூரிப் பெண்கள் திரும்பினார்கள், யாரோ சிரித்தார்கள். நான் அத்தையைப் பார்க்கவில்லை. முதலில் பக்கத்து வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அவருக்குக் கேட்டதா, யாரென்று புரிந்ததா என்று பார்த்தேன். அதற்கு ஒரு நொடிகூட ஆகியிருக்காது. பிறகுதான் திரும்பினேன். கையில் பெரிய பையோடு பிளாட்பார விளிம்பில் நின்றிருந்த அத்தை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். என் கண் எங்கே போய்விட்டு வந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பார்வையை அடையாளம் காண அவருக்கு வருஷக்கணக்கான பழக்கம் இருக்கிறது.

வாயை மூடிக்கொள்வார் என்று நினைத்தேன். அவர் நன்றாக மூச்சை இழுத்து, இன்னொரு முறை, இன்னும் உரக்கக் கூப்பிட்டார். “மாப்ளே! இங்க இருக்கறேன்!”

எனக்கு முன்னால் அம்மா கையைத் தூக்கினாள். “தோ வந்துட்டோம் சம்பந்தியம்மா!” என்று கத்திவிட்டு, பக்கத்து வீட்டம்மாவின் பக்கம் திரும்பி, “விரதமும் இல்ல, ஒண்ணும் இல்ல. நெஞ்சுல ஆபரேஷன். குரல் இப்பிடித்தான்” என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவர் விழித்துக்கொண்டு நிற்க, அம்மா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போய் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். அத்தையின் கையிலிருந்து பையை வாங்கிக்கொண்டேன்.

ஆட்டோவை நோக்கி நடக்கும்போது அத்தை என் பக்கம் சாய்ந்து கேட்டார். “மாப்ள, நான் மொதல்ல கூப்ட்டது கேட்டுச்சா?”

அவர் தன் குரலைப் பற்றித்தான் கேட்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“கேட்டுச்சு அத்தே” என்றேன்.